கால் மணி நேரத்துக்குள் ஒரு காலை: இங்கிலாந்தில் நிதிவெட்டும் வீட்டுப் பராமரிப்பும்

ஒரு நூலகத்தை மூடினால் அதன் கதவில் பூட்டுத் தொங்கும். ஒரு பேருந்துத் தடத்தை நிறுத்தினால் தரிப்பிடத்தில் அறிவிப்பு ஒட்டுவார்கள். முதியோருக்கான வீட்டுப் பராமரிப்பில் நிதியைக் குறைக்கும்போது வெளியே தெரியும்படியான அடையாளம் எதுவும் இருப்பதில்லை. நாளுக்கு நான்கு முறை வந்துகொண்டிருந்த பராமரிப்பாளர் மூன்று முறை வருவார். அரை மணி நேரம் இருந்தவர் கால் மணி நேரத்தில் புறப்பட்டுவிடுவார். குளிப்பாட்டுவது வாரத்துக்கு ஒருமுறை என்றாகிவிடும். பாதிக்கப்படுபவர் எண்பது வயதைத் தாண்டி, படுக்கையறைக்கும் கழிவறைக்கும் இடையே மட்டுமே நடமாடுபவர் என்பதால், அவருடைய முறைப்பாடு பெரும்பாலும் வீட்டுச் சுவருக்குள்ளேயே நின்றுவிடுகிறது. இங்கிலாந்தில் 2010க்குப் பிறகு நடந்தது இதுதான். அங்கே பணம் குறைந்தபோது சேவை ஒரேயடியாக மறைந்துவிடவில்லை. அது நிமிடங்களாக நறுக்கப்பட்டது, விடுபட்ட நிமிடங்களின் செலவு வேறு யாரோ ஒருவர் தலையில் விழுந்தது.

அந்த நிமிடங்களில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். பக்கவாதத்தால் உடலின் ஒரு பக்கம் செயலிழந்த ஒரு மூதாட்டியின் காலை வருகையை எடுத்துக்கொள்வோம். பராமரிப்பாளர் வாசற்கதவருகே சுவரில் பொருத்தியிருக்கும் சிறு சாவிப்பெட்டியில் எண்களை அழுத்திச் சாவியை எடுத்து உள்ளே நுழைகிறார். வந்த நேரத்தைக் கைபேசிச் செயலியில் பதிகிறார். இரவு முழுவதும் நனைந்த அணையாடையை மாற்றி, உடலைத் துடைத்து, தோல் மடிப்புகளை ஈரமில்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும். உடுத்தும்போது செயலிழந்த கையை முதலில் சட்டைக்குள் நுழைத்து, அதன் பிறகே நல்ல கையை நுழைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் தோள்மூட்டு வலிக்கும். பின்னர் நாற்காலிக்கு மாற்றி உட்காரவைத்து, மருந்துக்கடை வாரக்கணக்கில் அடைத்துத் தரும் அட்டையிலிருந்து காலை மாத்திரைகளைக் கொடுத்து, கஞ்சி காய்ச்சி, விழுங்குவதில் சிரமம் இருந்தால் தேநீரில் கெட்டிப்படுத்தும் மாவைக் கலந்து கொடுத்து, எல்லாவற்றையும் வீட்டிலேயே இருக்கும் பதிவேட்டில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

இதை அரை மணி நேரத்தில் செய்து முடிப்பதே கடினம். கால் மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் முதலில் விடுபடுவது பேச்சு, அடுத்தது சூடான உணவு, அதற்கடுத்தது தோலைப் பார்ப்பது. குதிகாலிலோ இடுப்பின் கீழ்ப்பகுதியிலோ அழுத்தினாலும் வெளுக்காத ஒரு சிவப்புத் திட்டாகத்தான் படுக்கைப்புண் தொடங்குகிறது. கருநிறத் தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்கு எளிதில் தெரியாது. தொட்டுப் பார்த்து, சூட்டையும் தடிப்பையும் கொண்டே அறிய வேண்டும். அப்படித் தொட்டுப் பார்க்கும் ஒரு நிமிடம் இல்லாமல் போனால், சில நாட்களில் அது புண்ணாகி, தாதியின் வருகையும் மருத்துவமனை அனுமதியும் தேவைப்படும் நிலைக்கு வந்துவிடக்கூடும். மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2015 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டலில், சில வரையறுத்த சூழல்களைத் தவிர, முதியோருக்கான வீட்டு வருகை அரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று சொன்னது. ஆனால் அது வழிகாட்டல் மட்டுமே. அதைக் கடைப்பிடிப்பதற்கான பணம் அதனுடன் சேர்ந்து வரவில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள 1948க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஜூலை 5ஆம் தேதி தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது, மருத்துவரும் மருத்துவமனையும் எல்லோருக்கும் கட்டணமின்றிக் கிடைத்தார்கள். அதே நாளில் நடைமுறைக்கு வந்த தேசிய உதவிச் சட்டம், முதியோர் பராமரிப்பைக் கவுன்சில்கள் எனப்படும் உள்ளாட்சி மன்றங்களிடம் விட்டது. வசதி உள்ளவரிடம் கட்டணம் வாங்கலாம் என்றும் அனுமதித்தது. புற்றுநோய்க்குச் சிகிச்சை இலவசம், மறதிநோய் வந்தவரைக் குளிப்பாட்ட ஆள் வைப்பதற்குப் பணம் என்ற இன்றைய வேறுபாட்டின் வேர் அங்கேதான் இருக்கிறது. புலம்பெயர்ந்து வந்த நம் குடும்பங்களில் பலர் இரண்டும் ஒன்றே என்று நம்பி, கவுன்சிலிலிருந்து முதல் கட்டணக் கடிதம் வந்த பிறகே வேறுபாட்டை அறிகிறார்கள்.

நெடுங்காலம் கவுன்சில்கள் தங்கள் சொந்த ஊழியர்களைக் கொண்டே வீட்டு உதவியை நடத்தின. அரசின் வேண்டுகோளின்படி பராமரிப்பு அமைப்பை ஆராய்ந்த ராய் கிரிஃபித்ஸ் 1988இல் அளித்த அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1990இல் நிறைவேறி 1993 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்த சட்டமும் அந்த அமைப்பை மாற்றின. கவுன்சில் சேவையை நடத்துபவர் என்ற நிலையிலிருந்து, சேவையை விலைக்கு வாங்குபவர் என்ற நிலைக்கு வந்தது. இன்று கவுன்சில் பணத்தில் நடக்கும் வீட்டுப் பராமரிப்பின் மிகப் பெரும் பகுதியைத் தனியார் நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் ஒப்பந்த அடிப்படையில் வழங்குகின்றன. இந்த மாற்றத்தை நல்லது கெட்டது என்று வாதிடுவது இங்கே நோக்கமல்ல. அதன் ஒரு விளைவை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஊழியரின் சம்பளத்தைக் கவுன்சில் நேரடியாகக் குறைக்கத் தேவையில்லை, ஒரு மணி நேரத்துக்கான ஒப்பந்த விலையை உயர்த்தாமல் இருந்தாலே போதும்.

2010 அக்டோபரில் அன்றைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அறிவித்த செலவுக் குறைப்பு கவுன்சில்களைத்தான் மிகக் கடுமையாகத் தாக்கியது. 2010–11க்கும் 2017–18க்கும் இடையில் கவுன்சில்களுக்கான அரச நிதி, விலைவாசியைக் கணக்கில் எடுத்தால், 49.1 சதவீதம் குறைந்தது என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2018இல் கணக்கிட்டது. முதியோர் பராமரிப்பு சட்டப்படியான கடமை என்பதால் நூலகங்களையும் இளைஞர் மையங்களையும் வெட்டிய அளவுக்கு அதில் கைவைக்க முடியவில்லை. ஆனாலும் அதற்கான செலவு 2010–11இல் இருந்த மட்டத்தை உண்மை மதிப்பில் மீண்டும் எட்டுவதற்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் பிடித்தன. அதே காலத்தில் முதியோர் தொகை சும்மா இருக்கவில்லை: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 65 வயதைக் கடந்தவர்கள் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 92 இலட்சம், 2021இல் 1 கோடியே 11 இலட்சம்.

குறைந்த பணத்தைக் கூடிய மக்களுக்குப் பகிர வேண்டிய கவுன்சில்கள் முதலில் கைவைத்தது தகுதி வரம்பில். 2003 முதல் தேவைகள் நான்கு படிகளாக வகுக்கப்பட்டிருந்தன: மிகக் கடுமையானது, கணிசமானது, நடுத்தரமானது, குறைந்தது. எந்தப் படிவரை உதவுவது என்பதை ஒவ்வொரு கவுன்சிலும் தானே முடிவு செய்யலாம். சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான கவுன்சில்கள் நடுத்தரப் படியைக் கைவிட்டு, கணிசமான தேவை உள்ளவர்களுக்கு மட்டும் என்று வரம்பை உயர்த்தின. அரச நிதியில் பராமரிப்புப் பெற்ற முதியோர் 2009இல் சுமார் 11 இலட்சமாக இருந்தார்கள். 2013–14இல் சுமார் 8.5 இலட்சமாகக் குறைந்தார்கள். உதவி இழந்தவர்கள் யார் என்று பார்த்தால், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒருவர் வந்து கடைக்குப் போய்க் கொடுத்து, குளிக்கும்போது அருகில் நின்றால் தானே சமாளித்துக்கொள்ளக்கூடியவர்கள். குளியல் தொட்டியில் தனியாக இறங்கும் அவர்களில் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் மிகக் கடுமையான படிக்கு வந்துவிடுவார். அப்போது உதவி கிடைக்கும். சிறு தொகையை மிச்சப்படுத்தப் போய்ப் பெருந்தொகைக்கான தேவையை உருவாக்கும் இந்த முறையைச் சிக்கனம் என்று அழைப்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை.

பராமரிப்புச் சட்டம் 2014 இந்த நான்கு படிகளை நீக்கி, 2015 ஏப்ரல் முதல் நாடு முழுவதற்கும் ஒரே தகுதி வரம்பைக் கொண்டுவந்தது. உண்பது, உடுத்துவது, கழிவறையைப் பயன்படுத்துவது, வீட்டைப் பாதுகாப்பாக வைத்திருப்பது, உறவுகளைப் பேணுவது என்பன போன்ற பத்து அன்றாட நோக்கங்களில் இரண்டையோ அதற்கு மேற்பட்டவற்றையோ உடல் அல்லது மன நலக் குறைவால் நிறைவேற்ற முடியாமல், அதனால் வாழ்வு நலம் கணிசமாகப் பாதிக்கப்படுபவருக்கு உதவி உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் தேவை இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகு, அதை எப்படி நிறைவேற்றுவது என்ற இடத்தில் கவுன்சில் தன் பணநிலையைக் கணக்கில் எடுக்கலாம். நெருக்கடி முழுவதும் அந்த 'எப்படி' என்ற சொல்லுக்குள்தான் அடங்கியிருக்கிறது.

அந்தச் சொல் எவ்வளவு தூரம் நீளும் என்பதை எலைன் மெக்டொனால்டின் வழக்கு காட்டியது. ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற பாலே நடனக் கலைஞராக இருந்த அவர் 1999இல் பக்கவாதத்தால் தாக்கப்பட்டார். சிறுநீரை அடக்க முடியாதவர் அல்லர். இரவில் சில முறை எழுந்து கழிவறைக்குப் போக மட்டும் ஒருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. அவருடைய கவுன்சிலான கென்சிங்டன் – செல்சீ, இரவுப் பராமரிப்பாளருக்குப் பதிலாக அணையாடையைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னது. ஆண்டுக்கு மிச்சமாகும் தொகை ஏறத்தாழ 22,000 பவுண்டு. 2011இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் கவுன்சிலின் பக்கம் நின்றனர். லேடி ஹேல் மட்டும் மறுத்துத் தீர்ப்பெழுதினார். 2014இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், முறையான மறுமதிப்பீடு இல்லாமல் உதவி குறைக்கப்பட்ட சுமார் ஓராண்டுக் காலத்துக்கு மட்டும் அவருடைய தனிவாழ்வுரிமை மீறப்பட்டதாகக் கூறி 1,000 யூரோ இழப்பீடு அளித்தது. கழிவறைக்குப் போகக்கூடிய ஒருவரைப் படுக்கையிலேயே சிறுநீர் கழிக்கச் சொல்வது சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்ற அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பை நான் பலமுறை படித்திருக்கிறேன். படிக்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனக்கிறது.

தகுதிக்கு அடுத்தது விலை. ஒரு மணி நேர வீட்டுப் பராமரிப்பைச் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்தில் நடத்துவதற்கு என்ன செலவாகும் என்று நிறுவனங்களின் கூட்டமைப்பான ஹோம்கேர் அசோசியேஷன் ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடுகிறது. 2025–26இல் இங்கிலாந்துக்கு அது சொன்ன விலை 32.14 பவுண்டு. தொழில்துறையின் சொந்தக் கணக்கு என்பதைக் கருத்தில் கொண்டே அதைப் படிக்க வேண்டும். ஆனால் அதன் கூறுகள் ஒளிவுமறைவற்றவை. 12.21 பவுண்டு ஊதியம், வீடுகளுக்கிடையே பயணிக்கும் நேரத்துக்கான ஊதியம், ஆண்டுக்கு 5.6 வார விடுமுறை, ஓய்வூதியப் பங்களிப்பு, தேசியக் காப்பீடு (ஊதியத்தின் அடிப்படையில் வேலை கொடுப்பவர் அரசுக்குச் செலுத்தும் பங்கு), பயிற்சி, பணி அட்டவணை போடுபவரின் சம்பளம். கவுன்சில்களில் பெரும்பாலானவை இந்த விலைக்குக் குறைவாகவே தருகின்றன.

குறைவது எங்கே ஈடுகட்டப்படுகிறது என்பதை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். ஒரு பராமரிப்பாளருக்கு ஒரு நாளில் பத்து வீடுகள், ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குள் இருக்கும் நேரம் ஐந்து மணி. வீடுகளுக்கிடையே ஒன்பது பயணங்கள், ஒவ்வொன்றுக்கும் கால் மணி என்றால் இரண்டே கால் மணி. வீட்டுக்குள் இருக்கும் நேரத்துக்கு மட்டும் மணிக்கு 13 பவுண்டு தருவதாகச் சொல்லும் நிறுவனம் அவருக்கு 65 பவுண்டு தரும். ஆனால் அவர் வேலையில் இருந்தது ஏழே கால் மணி நேரம். அப்படிப் பார்த்தால் மணிக்கு 8.97 பவுண்டுதான். ஒரு வருகையிலிருந்து அடுத்த வருகைக்குப் போகும் நேரத்தையும் வேலை நேரமாகவே குறைந்தபட்ச ஊதியச் சட்டம் கருதுகிறது, ஆகவே இது சட்டமீறல். லண்டனில் ஹேரிங்கே கவுன்சிலின் ஒப்பந்த நிறுவனங்களில் பணிபுரிந்த பராமரிப்பாளர்கள் இந்தக் காரணத்துக்காகவே யூனிசன் தொழிற்சங்கத்தின் துணையுடன் ஆண்டுக்கணக்கில் வழக்காடி 2020இல் வென்றார்கள். வழக்காட முடியாதவர்கள் அடுத்த வீட்டுக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதற்காக இந்த வீட்டில் ஐந்து நிமிடத்தைக் குறைத்துவிடுகிறார்கள். இதை அவர்களுடைய நேர்மைக் குறைவாகப் பார்ப்பது தவறு. அட்டவணையில் பயணத்துக்கு நேரமே ஒதுக்கப்படாதபோது அந்த நேரம் யாரோ ஒரு முதியவரின் அரை மணியிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

இந்த விலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்காமல் போனது இயல்பே. 2021–22இல் இங்கிலாந்தின் முதியோர், மாற்றுத்திறனாளர் பராமரிப்புத் துறையில் 1,60,000க்கும் மேற்பட்ட பணியிடங்கள் காலியாக இருந்தன. 2022 பிப்ரவரியில் பராமரிப்பாளர்களுக்கு வேலை விசா திறக்கப்பட்டதும் இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். நிலத்தை அடகு வைத்து முகவர்களுக்குப் பணம் கட்டி வந்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்களை வரவழைத்த நிறுவனத்தின் உரிமம் பறிபோனால், வேறொரு நிறுவனத்தைத் தேட அவர்களுக்குப் பொதுவாகக் கிடைப்பது 60 நாட்கள். 2024 மார்ச்சில் குடும்பத்தை அழைத்துவரும் உரிமை நீக்கப்பட்டது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆளெடுப்பதே நிறுத்தப்பட்டது. ஊதியத்தை உயர்த்தாமல் ஆட்பற்றாக்குறையைத் தீர்க்கக் கிடைத்த வழியும் அத்தோடு அடைபட்டது.

வெட்டு என்ற பெயரே இல்லாமல் வரும் வெட்டுகளும் உண்டு. வீட்டைக் கணக்கில் சேர்க்காமல் 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்பு வைத்திருப்பவர் வீட்டுப் பராமரிப்புக்கான முழுச் செலவையும் தானே ஏற்க வேண்டும். இந்த வரம்பு 2010–11இலிருந்து ஒரு பவுண்டுகூட உயர்த்தப்படவில்லை, விலைவாசியோ ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிட்டது. எனவே எந்த அறிவிப்பும் இல்லாமல் ஒவ்வோர் ஆண்டும் இன்னும் சிலர் உதவி வளையத்துக்கு வெளியே தள்ளப்படுகிறார்கள். (வீட்டுப் பராமரிப்புக்காக, குடியிருக்கும் வீட்டின் மதிப்பைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். வீடு பறிபோய்விடும் என்று அஞ்சி மதிப்பீட்டுக்கே விண்ணப்பிக்காத தமிழ்க் குடும்பங்கள் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.) 2025 ஏப்ரலில் வேலை கொடுப்போர் செலுத்தும் தேசியக் காப்பீட்டு விகிதம் 13.8இலிருந்து 15 சதவீதமாக உயர்ந்தது, அது தொடங்கும் ஊதிய வரம்பு 9,100 பவுண்டிலிருந்து 5,000ஆக இறங்கியது. ஆண்டுக்கு 20,000 பவுண்டு பெறும் ஒரு பராமரிப்பாளருக்காக நிறுவனம் கட்டும் தொகை, சலுகைகளைக் கழிக்காமல் பார்த்தால், 1,504 பவுண்டிலிருந்து 2,250 பவுண்டானது. மருத்துவமனைகளுக்கு இந்தக் கூடுதல் செலவை அரசு ஈடுசெய்தது. கவுன்சில் ஒப்பந்தத்தில் பணிபுரியும் பராமரிப்பு நிறுவனங்களுக்குச் செய்யவில்லை.

விடுபட்ட நிமிடங்களின் செலவை இறுதியில் சுமப்பவர்களில் ஒன்று, இலவசமாக இயங்கும் அந்த மருத்துவமனையேதான். 2023 ஜனவரியில், வீடு திரும்பும் அளவுக்கு உடல் தேறியும் கிளம்ப முடியாமல் நாளொன்றுக்கு 14,000 பேர் அளவில் இங்கிலாந்தின் மருத்துவமனைப் படுக்கைகளில் இருந்தார்கள். எல்லோரும் வீட்டுப் பராமரிப்புக்காகக் காத்திருந்தவர்கள் அல்லர். ஆனால் அதற்காகக் காத்திருந்தவர்கள் அவர்களில் கணிசமானோர். படுக்கையில் கழியும் ஒவ்வொரு வாரமும் முதியவரின் தசை தேய்கிறது, நடை தளர்கிறது. நாளுக்கு இரண்டு வருகை போதும் என்ற நிலையில் காத்திருக்கத் தொடங்கியவருக்கு, வீடு திரும்பும் நாளில் நான்கு வருகையும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆட்களும் தேவைப்படுவது உண்டு.

மற்றொரு சுமைதாங்கி குடும்பம், குடும்பத்திலும் பெரும்பாலும் மகள் அல்லது மருமகள். 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஊதியமின்றி உறவினரையோ நண்பரையோ பராமரிப்பவர்கள் 50 இலட்சம் பேர். வாரத்துக்கு 35 மணி நேரமாவது பராமரிப்பவருக்குக் கிடைக்கக்கூடிய பராமரிப்பாளர் உதவித்தொகை 2025–26இல் வாரத்துக்கு 83.30 பவுண்டு; மணிக்கணக்கில் பிரித்தால் 2.38 பவுண்டு. அந்த ஆண்டில் அவர் வெளியே வேலை செய்து வாரத்துக்கு 196 பவுண்டுக்கு மேல் ஒரு பவுண்டு ஈட்டினாலும் அந்தத் தொகை முழுவதும் நின்றுவிட்டது.

1983க்குப் பின் இலங்கையிலிருந்து லண்டனுக்கு வந்து சேர்ந்தவர்கள் பின்னாளில் அழைத்துக்கொண்ட பெற்றோர் இன்று முதிர்ந்த வயதில் இருக்கிறார்கள். அன்று இளைஞராக வந்தவர்களே இப்போது முதுமைக்குள் நுழைகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மறதிநோய் வந்த அம்மாவுக்கு இருபத்தைந்து ஆண்டுகள் பேசிய ஆங்கிலம் மெல்ல உதிர்ந்து தமிழ் மட்டும் எஞ்சியது. முதலில் வந்துகொண்டிருந்த பெண்மணி தமிழர். "அம்மா, எழும்புங்கோ, முகம் கழுவுவம்" என்று சொன்னதும் அவர் எழுந்துவிடுவார். ஒப்பந்தம் குறைந்த விலைக்கு வேறு நிறுவனத்துக்குப் போன பிறகு வாரத்துக்கு ஐந்து வெவ்வேறு முகங்கள் வந்தன. புரியாத மொழியில் பேசியபடி தன் உடையைக் கழற்ற வரும் அந்நியரைக் கண்டு அந்த அம்மா கையை உதறினார். பதிவேட்டில் 'பராமரிப்பை மறுத்தார்' என்று எழுதப்பட்டது. மறுப்புகள் தொடர்ந்ததால் காலை வருகை தேவையில்லை என்று முடிவாயிற்று. மகள் பள்ளிச் சமையலறையில் பார்த்துவந்த வேலையை விட்டார். அந்தக் கவுன்சிலின் வரவுசெலவில் இது மிச்சமாகப் பதிவாகியிருக்கும்.

தீர்வு தெரியாமல் இது நீடிக்கவில்லை. ஆண்ட்ரூ டில்நாட் தலைமையிலான ஆணையம் 2011இலேயே ஒருவர் தன் வாழ்நாளில் பராமரிப்புக்குச் செலுத்தும் தொகைக்கு உச்சவரம்பு விதிக்கப் பரிந்துரைத்தது. 72,000 பவுண்டு என்ற வரம்பு 2016இல் வரவேண்டியது, தள்ளிப்போடப்பட்டுக் கைவிடப்பட்டது. 86,000 பவுண்டு என்ற வரம்பு 2023க்கு அறிவிக்கப்பட்டு, 2025க்குத் தள்ளப்பட்டு, 2024 ஜூலையில் ரத்தானது. இதற்கிடையே 2016 முதல், வீட்டு மதிப்பின் அடிப்படையில் வசூலிக்கும் கவுன்சில் வரியோடு பராமரிப்புக்கென்று தனி உயர்வு வசூலிக்க அனுமதி தரப்பட்டது. அதன் குறை வெளிப்படையானது: வீடுகளின் மதிப்பு உயர்ந்த சர்ரேயில் ஒரு சதவீத உயர்வு திரட்டித் தரும் பணத்தை பிளாக்பூலில் அதே ஒரு சதவீதம் தராது, ஆனால் கவுன்சிலின் உதவியை நாட வேண்டிய ஏழை முதியோர் அதிகம் இருப்பது பிளாக்பூல் போன்ற ஊர்களில்தான். பராமரிப்புச் சீர்திருத்தத்தை ஆராய லூயிஸ் கேசியின் தலைமையில் 2025இல் பணியைத் தொடங்கிய ஆணையத்தின் இறுதி அறிக்கைக்கு 2028 வரை அவகாசம் தரப்பட்டிருக்கிறது. இன்று எண்பத்தைந்து வயதில் இருப்பவருக்கு அது நீண்ட காலம்.

அதுவரை குடும்பங்கள் அறிந்துவைத்திருக்க வேண்டியவை சில உண்டு. மருத்துவமனையிலிருந்து திரும்பியவரை மீண்டும் சொந்தக் காலில் நிற்கவைப்பதற்கான குறுகிய காலப் பராமரிப்பு வழங்கப்பட்டால், அதற்கு ஆறு வாரம் வரை கட்டணம் இல்லை. தேவையை மீண்டும் மதிப்பிடாமல், பணமில்லை என்ற காரணத்துக்காக மட்டும் வருகைகளைக் குறைக்கக் கவுன்சிலுக்கு உரிமை கிடையாது; மறுமதிப்பீட்டின்போது உறவினர் உடனிருக்கலாம், மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அந்தச் சந்திப்பில் "நாங்கள் எப்படியோ பார்த்துக்கொள்கிறோம்" என்று நம் வழக்கப்படி பணிவாகச் சொல்லும் ஒரு வாக்கியம், குடும்பமே பார்த்துக்கொள்கிறது என்று பதிவாகி, வருகையைக் குறைப்பதற்கான காரணமாகிவிடக்கூடும். சமையலறை மேசையில் இருக்கும் பதிவேட்டையோ நிறுவனத்தின் செயலியையோ பார்த்து, பராமரிப்பாளர் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் ஒரு மாதத்துக்கு ஒரு தாளில் எழுதி வையுங்கள். அரை மணி என்று திட்டத்தில் இருப்பது 8.05க்குத் தொடங்கி 8.19க்கு முடிகிறது என்றால், மறுமதிப்பீட்டுக்கு வரும் அலுவலரிடம் முதலில் எடுத்துக் கொடுக்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.